கணினிச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது எப்படி?

டிஜிட்டல் தடயவியல் படிக்கும் மாணவர்களுக்குப் பல நாடுகளிலும் பயிற்சிக்குத் தரப்படும் ஒரு கற்பனை வழக்கு உண்டு. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் அதை உருவாக்கியது. 2004 செப்டம்பரில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு டெல் மடிக்கணினி கிடைக்கிறது. கூடவே ஒரு வயர்லெஸ் கார்டும் வீட்டிலேயே செய்த ஒரு ஆன்டெனாவும் இருக்கின்றன. மடிக்கணினியின் வன்தட்டு நகல் மாணவர் கைக்கு வரும். இயங்குதளம் எது, எப்போது நிறுவப்பட்டது, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, ஒட்டுக்கேட்கும் மென்பொருள்கள் எவை என்று முப்பதுக்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு அவர் விடை தேட வேண்டும். முதல் கேள்வி மட்டும் குற்றவாளியைப் பற்றியது அல்ல. இந்த நகலின் ஹாஷ் மதிப்பு என்ன, நகல் எடுத்தபோது கணக்கிட்டதும் இப்போது கணக்கிட்டதும் ஒத்துப்போகின்றனவா என்று அது கேட்கிறது.

ஹாஷ் என்பது ஒரு கோப்பின் எல்லா பிட்களையும் உள்வாங்கிக் குறிப்பிட்ட நீளத்தில் பிழிந்து தரப்படும் எண். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். கைப்பற்றிய கணினியில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர், தடயம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுதும் காப்புப் பதிவேடு, எம்டி5 அல்லது ஷா-256 ஹாஷ் ஆகிய மூன்றின் மேல்தான் இந்தத் துறை நிற்கிறது. இவை இல்லாமல் அளிக்கப்படும் அறிக்கை நீதிமன்றத்தில் நிற்காது என்று முதல் வாரத்திலேயே சொல்லித்தருகிறார்கள். சரியான பாடம்தான்.

ஆனால் பால் கேனுக்கு வைத்த முத்திரை, வைத்த பிறகு யாரும் தண்ணீர் கலக்கவில்லை என்று மட்டும்தான் சொல்லும். அதற்கு முன்பே கலந்திருந்தால் அதுபற்றி முத்திரைக்கு எதுவும் தெரியாது. ஹாஷும் அப்படித்தான். கைப்பற்றிய பின் தரவு மாறவில்லை என்பதற்கு அது உறுதி தரும். அந்தத் தரவை எழுதிய மென்பொருள் சரியாக எழுதியதா என்ற கேள்வி அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது.

அந்தக் கேள்வி யாருடைய பாடத்தில் வருகிறது? மென்பொருள் பொறியியல் பாடம் தேவைகளைத் திரட்டுவதில் தொடங்கி வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை, பராமரிப்பு என்று முடிகிறது. தான் எழுதும் நிரல் ஒருநாள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் என்ற எண்ணம் அந்தப் பாடத்தில் அரிதாகவே தலைகாட்டும். தடயவியல் பாடம் கணினி கைப்பற்றப்பட்ட நொடியில் தொடங்குகிறது. நிரல் ஓடத் தொடங்கியதற்கும் தரவு கைப்பற்றப்பட்டதற்கும் இடைப்பட்ட காலத்துக்கு இரு தரப்பிலும் ஆசிரியர் இல்லை. அந்த இடைவெளியில் எத்தனை பேர் விழுந்து நொறுங்க முடியும் என்பதற்கு பிரிட்டனின் ஹொரைசன் வழக்குகளை விடப் பெரிய சான்று இல்லை.

கல்லாவில் விழுந்த துண்டு

பிரிட்டனில் பெரும்பாலான அஞ்சலகக் கிளைகளைச் சப்-போஸ்ட்மாஸ்டர்கள் நடத்துகிறார்கள். இவர்கள் சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர்கள் அல்லர். ஒப்பந்த அடிப்படையில், பெரும்பாலும் ஒரு சிறு கடையோடு சேர்த்துக் கிளையை நடத்தும் சுயதொழில் செய்பவர்கள். 1990-களின் இறுதிவரை அவர்களுடைய கணக்கு காகிதத்தில் இருந்தது. 1999-இல் ஹொரைசன் என்ற கணினி அமைப்பு வந்தது. ஐசிஎல் நிறுவனத்தின் கிளையான ஐசிஎல் பாத்வே அதை உருவாக்கியது. ஐசிஎல்லின் உரிமையாளர் ஜப்பானின் ஃபுஜிட்சு.

கணினி வந்த பிறகு ஊர் ஊராகக் கணக்கில் துண்டு விழத் தொடங்கியது. துண்டு விழுந்தால் சப்-போஸ்ட்மாஸ்டர் கையிலிருந்து கட்ட வேண்டும் என்றே ஒப்பந்தத்தைப் போஸ்ட் ஆபீஸ் நிறுவனம் பொருள்கொண்டது. கட்ட முடியாதவர்கள் மீது திருட்டு, பொய்க்கணக்கு என்று குற்றவழக்குகள் பாய்ந்தன. புலனாய்வு செய்ததும் குற்றம் சாட்டியதும் பெரும்பாலான வழக்குகளில் அதே நிறுவனம்தான். பணம் போனதாகச் சொன்னதும் அதுவே. 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள். பலர் திவாலானார்கள். தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு.

ஹாம்ப்ஷயரின் ஒரு கிராமத்தில் கிளை நடத்திய ஜோ ஹாமில்டனின் அனுபவம் பலமுறை பதிவாகியிருக்கிறது. சுமார் 2,000 பவுண்டு குறைவதாகத் திரை காட்டியதும் உதவி எண்ணை அழைத்தார். அவர்கள் சொன்னபடியே விசைகளை அழுத்தினார். அவர் கண்ணெதிரே தொகை இருமடங்கானது. கடைசியில் திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிடுவதற்கு ஈடாகப் பொய்க்கணக்கு எழுதியதாக ஒப்புக்கொண்டார். ஊரார் அவருக்காகப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள்.

தலைகீழ்க் குறி

ஹொரைசனின் தொடக்கக் கதை ஒரு மென்பொருள் பொறியியல் வகுப்புக்கு வேண்டிய எல்லாவற்றையும் வைத்திருக்கிறது. 1998-இல், நாடு முழுவதும் அமைப்பு போய்ச் சேரும் முன்பே, கல்லாக் கணக்கைப் பார்க்கும் பகுதியின் பிழைகள் எண்ணிக்கையில் கட்டுக்கடங்காமல் போனதால் ஐசிஎல் பாத்வே ஒரு சிறப்புக் குழுவை அமைத்தது. அந்தக் குழுவின் அறிக்கை பல ஆண்டுகளுக்குப் பின், நீதிபதி வின் வில்லியம்ஸ் தலைமையிலான பொது விசாரணையில் வெளிவந்தது. நிரலின் தரத்தை அது கடுமையாகக் குறைகூறியிருந்தது.

அறிக்கை காட்டிய ஓர் எடுத்துக்காட்டு விஷுவல் பேசிக்கில் எழுதிய சில வரிகள். ஓர் எண்ணின் குறியை மாற்றுவதுதான் வேலை. 50 வந்தால் மைனஸ் 50 ஆக வேண்டும், மைனஸ் 50 வந்தால் 50 ஆக வேண்டும். எண்ணின் முன் ஒரு மைனஸ் குறி போட்டாலே முடிந்தது. எழுதியவர் போன வழி வேறு. எண் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் அதன் தனி மதிப்பை எடு. இல்லையென்றால் அந்த எண்ணை இரண்டால் பெருக்கி, அதே எண்ணிலிருந்து கழி. எழுதியவருக்குக் கணிதத்தின் அரிச்சுவடியும் நிரலாக்கத்தின் அடிப்படையும் தெரியவில்லை என்ற பொருளில் அறிக்கை கருத்துரைத்தது.

இந்த வரிகள் தரும் விடை சரியானது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 50-இலிருந்து 100-ஐக் கழித்தால் மைனஸ் 50-தான் வரும். உள்ளீடு கொடுத்து வெளியீட்டைப் பார்க்கும் சோதனையில் இது தேறிவிடும். இன்னொருவர் உட்கார்ந்து நிரலைப் படித்தால் மட்டுமே பிடிபடும். பிடிபடுவது ஒரு பிழை மட்டுமல்ல. இதை எழுதி, ஏற்று, அடுத்த கட்டத்துக்கு அனுப்பிய ஒரு வேலைமுறையே பிடிபடுகிறது. நிரல் மறுஆய்வு ஏன் வேண்டும் என்று மாணவருக்கு விளக்க இந்த நாலைந்து வரிகள் போதும். பிரச்சினைக்குரிய பகுதியைத் திரும்ப எழுத வேண்டும் என்ற கோரிக்கை அப்போதே எழுந்தது. நிர்வாகம் பழையதையே ஒட்டுப்போட்டு ஓட்டுவது என்று முடிவுசெய்தது.

என்டரை அழுத்தினால் 8,000 பவுண்டு

ஹொரைசனின் பிழைகளுக்கு ஊர்ப் பெயர்கள் உண்டு. ஃபால்கர்க் நகரின் கேலண்டர் ஸ்கொயர் கிளை ஒரு பிழைக்குப் பெயர் கொடுத்தது. முனையங்களுக்கிடையே செய்திகள் நகலாவது தடைபட்டு, ஒரே பணமாற்றம் மீண்டும் மீண்டும் பதிவானது. 2000-இலேயே தடம் காட்டிய அந்தக் கோளாறு 2006-இல்தான் சரிசெய்யப்பட்டது.

ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் பிழை இன்னும் தெளிவான பாடம். 2015-இல் ஒரு சப்-போஸ்ட்மாஸ்டர் தன் முதன்மைக் கிளையிலிருந்து துணை முகாமுக்கு 8,000 பவுண்டு ரொக்கம் எடுத்துச் சென்றார். பணப்பையின் பார்கோடை ஸ்கேன் செய்து, வரவை உறுதிசெய்ய என்டர் விசையை அழுத்தினார். திரை நகரவில்லை. மீண்டும் அழுத்தினார். எந்தக் கடைக்காரரும் செய்யக்கூடியதுதான். அழுத்திய ஒவ்வொரு முறையும் 8,000 பவுண்டு வரவு ஏறியது. நான்கு முறை ஏறியதில் 32,000 பவுண்டு வந்ததாகக் கணக்கு சொன்னது. உண்மையில் கையில் இருந்தது 8,000. துண்டு 24,000 பவுண்டு. ஃபுஜிட்சு பின்னோக்கித் தேடியபோது ஐந்தாண்டுகளில் இதுபோல் 112 நிகழ்வுகள் தென்பட்டன.

இங்கே மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே பணப்பையை இரண்டாம் முறை ஏற்காத கட்டுப்பாடு நிரலில் இல்லை. இது வடிவமைப்புக் குறை. பணம் நான்கு முறை வந்தது என்று பதிவேட்டில் ஒழுங்காக எழுதப்பட்டது. தடயவியல் நோக்கில் பார்த்தால் பதிவு சிதையவில்லை, யாரும் திருத்தவில்லை, ஹாஷ் பொருந்தும். ஆனால் பதிவு சொல்லும் செய்தி பொய். கிளைத் தரவை நீதிமன்றத்துக்கு எடுத்துக்கொடுத்த ஃபுஜிட்சு ஊழியர்களின் வாக்குமூலங்களில் தணிக்கைக் கோப்புகளின் செக்சம் முத்திரை சரிபார்க்கப்பட்டது என்ற உறுதிமொழி இடம்பெறும். முத்திரைமேல் ஐயம் எழாமலேயே மனிதர்கள் சிறை போனார்கள்.

இன்னொரு பிழை 2010-இல் வந்த ஹொரைசன் ஆன்லைன் பதிப்பில் இருந்தது. கணக்குக் காலத்தை முடிக்கும்போது ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் ரத்துசெய்தால், கிளையின் திரையிலிருந்து வித்தியாசத் தொகை மறைந்துவிடும். பின்னணி அமைப்பில் அப்படியே இருக்கும். கிளைக்காரர் கணக்கு நேராகிவிட்டது என்று நினைப்பார். தலைமையகம் துண்டு என்று நினைக்கும். சுமார் 60 கிளைகள் பாதிக்கப்பட்டன. இதை எப்படிச் சரிசெய்வது என்று ஃபுஜிட்சுவின் பொறியாளர் எழுதிய குறிப்பு 2010 செப்டம்பர் இறுதியில் தயாரானது. முன்வைக்கப்பட்ட வழிகளில் ஒன்று, கிளையின் தரவையே வெளியிலிருந்து மாற்றுவது. கிளைக்குத் தெரியாமல் அப்படிச் செய்வதில் உள்ள தார்மீகச் சிக்கலையும் அந்த விவாதக் குறிப்புகள் தொட்டன.

அடுத்த மாதம், 2010 அக்டோபரில், கில்ட்ஃபர்ட் நீதிமன்றத்தில் சீமா மிஸ்ராவின் வழக்கு நடந்தது. வெஸ்ட் பைஃப்ளீட்டில் கிளை நடத்தியவர். 74,000 பவுண்டுக்கு மேல் திருடியதாகக் குற்றச்சாட்டு. ஹொரைசன்தான் காரணம் என்பது அவரது எதிர்வாதம். கணினி வல்லுநர் ஒருவரையும் அவர் தரப்பு நிறுத்தியது. பிழைக் குறிப்பை எழுதிய அதே ஃபுஜிட்சு பொறியாளர்தான் குற்றம் சாட்டிய போஸ்ட் ஆபீசின் தொழில்நுட்பச் சாட்சி. புதிதாகப் பிடிபட்ட பிழை பற்றிய குறிப்பு எதிர்த்தரப்புக்குத் தரப்படவில்லை. கர்ப்பிணியான மிஸ்ராவுக்கு 15 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

சட்டம் விட்டுக்கொடுத்த கேள்வி

கணினி சரியாகக் கணக்கிட்டது என்று காட்டும்படி இத்தனை நீதிமன்றங்களில் எப்படி யாரும் கேட்கவில்லை? அப்படிக் காட்ட வேண்டிய கடமையைச் சட்டமே எடுத்துவிட்டிருந்தது. பிரிட்டனின் 1984-ஆம் ஆண்டு காவல், குற்றச் சாட்சியச் சட்டத்தின் 69-ஆவது பிரிவின்படி, கணினி ஆவணத்தைச் சாட்சியமாக்கும் தரப்பு அந்தக் கணினி சரியாக இயங்கியது என்று காட்ட வேண்டியிருந்தது. 1997-இல் சட்ட ஆணையம் அந்தப் பிரிவை நீக்கப் பரிந்துரைத்தது. 1999-இல் நிறைவேறிய சட்டம் அதை நீக்கியது. ஹொரைசன் நாடெங்கும் பரவிய அதே காலம். இப்போது எதிர்மாறாகக் காட்டப்படும்வரை கணினி சரியாகத்தான் இயங்கியது என்பது அனுமானம்.

69-ஆவது பிரிவை நீக்கியவர்கள் அறியாமல் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. கணினி அன்றாட வாழ்வின் எல்லா மூலைகளுக்கும் வந்துவிட்டிருந்தது. ஒவ்வொரு ரசீதுக்கும் ஒவ்வொரு வங்கிக் கணக்கு நகலுக்கும் வல்லுநரைக் கூண்டில் ஏற்றினால் நீதிமன்றங்கள் நகராது. குற்றத்தோடு தொடர்பே இல்லாத தொழில்நுட்பக் காரணம் சொல்லித் தப்பிக்கவும் வழியிருந்தது. ஆனால் நீக்கிய பின் எஞ்சிய அனுமானம் கனமானது. கோளாறு இருக்கிறது என்று காட்ட வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவர். காட்டத் தேவையான பதிவுகள் முழுவதும் எதிர்த்தரப்பின் கையில். தணிக்கைத் தரவைக் கேட்டுப்பெறுவதிலும் ஒப்பந்த வரம்பு இருந்தது. ஆண்டுக்கு இத்தனை கோரிக்கைகள், அதற்கு மேல் கட்டணம் என்று போஸ்ட் ஆபீசுக்கும் ஃபுஜிட்சுவுக்கும் இடையே ஏற்பாடு.

பிரிட்லிங்டனைச் சேர்ந்த லீ காசல்டன் உதவி எண்ணை 91 முறை அழைத்தார். உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமல் தானே வாதாடினார். சுமார் 25,000 பவுண்டு துண்டுக்காகத் தொடங்கிய வழக்கில் 2007-இல் தோற்றபோது 3 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவுத்தொகை கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அவர் திவாலானார்.

பிழைப் பதிவேடு என்ற சாட்சி

கணினி சரியென்ற இந்த அனுமானச் சுவரை உடைத்தது எந்த ஹாஷ் மதிப்பும் அல்ல. மென்பொருள் பொறியாளர்கள் தங்களுக்குள் எழுதிவைத்த குறிப்புகள். பராமரிப்புக் குழுக்கள் தெரிந்த பிழைகளுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்கும். எந்தச் சூழலில் பிழை எழுகிறது, அறிகுறி என்ன, தற்காலிகத் தீர்வு என்ன, எந்தப் பதிப்பில் சரியாகும் என்று அதில் இருக்கும். ஒவ்வொரு புகாருக்கும் தனிச்சீட்டும் இருக்கும். ஃபுஜிட்சுவிலும் இரண்டும் இருந்தன.

ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் சப்-போஸ்ட்மாஸ்டர் 2009-இல் பாதிக்கப்பட்டவர்களின் அமைப்பைத் தொடங்கினார். அதே ஆண்டு கம்ப்யூட்டர் வீக்லி இதழ் ஏழு பேரின் கதையை வெளியிட்டது. போஸ்ட் ஆபீஸ் நியமித்த செகண்ட் சைட் என்ற தடயக் கணக்கியல் நிறுவனம் 2013-இல் இடைக்கால அறிக்கை தந்து பிழைகள் இருந்ததைச் சொன்னது. அந்த ஆண்டு ஜூலையில் போஸ்ட் ஆபீசுக்காக வேலை செய்த வழக்கறிஞர் சைமன் கிளார்க், மிஸ்ரா வழக்கில் சாட்சி சொன்ன ஃபுஜிட்சு பொறியாளரின் பழைய சாட்சியங்கள் நம்பத்தக்கவை அல்ல என்று எழுத்து மூலம் எச்சரித்தார். ஹொரைசன் பற்றிய வாராந்தரக் கூட்டங்களின் குறிப்புகளை அழிக்கச் சொன்னதாக வந்த தகவலைக் கண்டித்து அடுத்த மாதமே இன்னொரு ஆலோசனையும் எழுதினார். அந்த ஆவணங்கள் பல ஆண்டுகள் வெளியே வரவில்லை.

பேட்ஸும் 500-க்கும் மேற்பட்டோரும் தொடுத்த வழக்கில் வாதிகளின் வல்லுநர் ஜேசன் காய்ன் பிழைப் பதிவேட்டையும் புகார்ச் சீட்டுகளையும் வரிசையாகப் படித்தார். ஒரு பிழை எந்தக் கிளையில் எந்த நாளில் தலைகாட்டியது, யார் கவனித்தார், எத்தனை நாள் திறந்தே கிடந்தது, கிளைக்காரரிடம் என்ன சொன்னார்கள் என்று அவற்றிலிருந்து ஒரு காலக்கோட்டைக் கட்ட முடியும். ஃபுஜிட்சுவின் முன்னாள் ஊழியர் ரிச்சர்ட் ரோல், கிளைக்குத் தெரியாமலேயே வெளியிலிருந்து அதன் தரவை மாற்ற முடிந்தது என்று சாட்சி சொன்னார். போஸ்ட் ஆபீஸ் ஆண்டுக்கணக்கில் மறுத்துவந்த செய்தி அது. 2019 டிசம்பர் 16 அன்று நீதிபதி ஃபிரேசர் அளித்த தீர்ப்பு, முதல் ஹொரைசன் உறுதியான அமைப்பு என்ற பெயருக்குக் கிட்டத்தில்கூட வரவில்லை என்று முடிவுகட்டியது. பிழைகளை ஒவ்வொன்றாக ஆராயும் தனி இணைப்பும் அதில் இருக்கிறது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மிஸ்ரா, ஹாமில்டன் உள்ளிட்ட 39 பேரின் தண்டனைகளை ரத்துசெய்தது. 2024 மே மாதம் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்றி எஞ்சியவர்களில் பெரும்பாலோரின் தண்டனைகளை நீக்கியது.

காய்ன் செய்த வேலைக்கு எந்தப் பாடத்தில் பயிற்சி? வன்தட்டு நகலைத் திறந்து அழித்த கோப்பை மீட்கத் தெரிந்தவருக்குப் புகார்ச் சீட்டின் மொழி புரியாது. சீட்டு எழுதத் தெரிந்த பொறியாளருக்கு அது ஒரு நாள் நீதிமன்றத்தில் படிக்கப்படும் என்று யாரும் சொன்னதில்லை.

கருவியும் மென்பொருள்தான்

தடயவியல் ஆய்வாளரின் சொந்தக் கருவிகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். 2011-இல் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் நடந்த கேஸி ஆன்டனி கொலை வழக்கில், வீட்டுக் கணினியிலிருந்து குளோரோஃபார்ம் பற்றிய ஒரு தளம் 84 முறை பார்க்கப்பட்டது என்று அரசுத் தரப்பு சொன்னது. உலாவியின் வரலாற்றுக் கோப்பைப் படித்த ஒரு மென்பொருள் தந்த எண் அது. அதே கோப்பை வேறு மென்பொருள் படித்தபோது ஒரே முறைதான் என்று காட்டியது. 84 என்பது பக்கத்தில் இருந்த வேறொரு தளத்துக்குரிய எண். தன் மென்பொருள் கோப்பைத் தவறாகப் பிரித்துப் படித்ததை அதை உருவாக்கியவரே பின்னர் கண்டறிந்து சொன்னார்.

டென்மார்க்கில் 2019-இல் வெளிப்பட்டது இன்னும் பெரிது. தொலைபேசி நிறுவனங்கள் தரும் கச்சா இருப்பிடத் தரவைக் காவல்துறை படிக்கும் வடிவுக்கு மாற்றிய மென்பொருள், வழியில் சில பதிவுகளை உதிர்த்துவிட்டது. 2012 முதலான 10,000-க்கும் மேற்பட்ட வழக்குகளை மறுபரிசீலனை செய்ய உத்தரவானது. இரண்டு மாதங்களுக்கு அத்தகைய தரவைச் சாட்சியமாகப் பயன்படுத்துவதே நிறுத்திவைக்கப்பட்டது. மாற்றித் தரும் மென்பொருளில் போன பதிவைப் பற்றி, மாற்றிய பின் எடுத்த ஹாஷ் என்ன சொல்லிவிட முடியும்?

நிஸ்ட் இதற்காகவே தடயவியல் கருவிகளைச் சோதிக்கும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. ஒரு கருவி எந்தெந்தச் சூழலில் தவறியது என்பதையும் அதன் அறிக்கைகள் சொல்கின்றன. மாணவர்களிடம் ஆட்டாப்சி போன்ற கட்டற்ற கருவியைக் கொடுத்து விடை கேட்பதோடு நிற்காமல், ஒரே நகலை இரு கருவிகளில் திறந்து, விடைகள் எங்கே பிரிகின்றன, ஏன் என்று எழுதச் சொன்னால் அந்த அசைன்மென்ட் வேறு தரத்துக்குப் போய்விடும்.

இந்தியச் சான்றிதழ்

பிரிட்டன் கைவிட்ட கேள்வியை இந்தியச் சட்டம் விடாமல் வைத்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் சாட்சியச் சட்டத்தில் சேர்த்த 65பி பிரிவு, பிரிட்டனின் 1968-ஆம் ஆண்டு உரிமையியல் சாட்சியச் சட்டத்தின் அச்சில் வார்த்தது. உரிய காலத்தில் கணினி சரியாக இயங்கியது என்று சான்றிதழ் தர வேண்டும். அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று 2014-இல் அன்வர் வழக்கிலும் 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆவது பிரிவு ஒரு படி மேலே போயிருக்கிறது. சான்றிதழுக்கு இப்போது இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் சாட்சியத்தைத் தாக்கல் செய்பவர், இரண்டாம் பகுதியில் ஒரு வல்லுநர் கையெழுத்திட வேண்டும். ஹாஷ் மதிப்பையும் எந்த முறையில் கணக்கிட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இது முன்னேற்றம்தான். ஆனால் கருவி சரியாக இயங்கியது என்பது படிவத்தில் அச்சிட்ட ஒரு வாசகம். ஹொரைசன் முனையம் ஒவ்வொரு காலையும் திறந்தது, விசைகள் வேலை செய்தன, ரசீது அச்சானது. அந்தப் படிவத்தை யார் கையில் கொடுத்தாலும் மனச்சாட்சி உறுத்தாமல் கையெழுத்திட்டிருப்பார். இயங்குவது வேறு, சரியாகக் கணக்கிடுவது வேறு என்று கேட்டுப்பார்க்கும் பயிற்சி இல்லாத வல்லுநர் இரண்டாம் பகுதியில் செய்வது ஹாஷைப் பார்த்து எழுதுவது மட்டுமே.

பாடத்திட்டத்தில் என்ன செய்யலாம்

பின்னாளில் தடயமாகத் தேவைப்படக்கூடிய பதிவுகளை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பது, அதாவது தடய ஆயத்தநிலை என்ற கருத்து புதியதல்ல. ஜான் டான் 2001-இல் முன்வைத்ததை ராபர்ட் ரௌலிங்சன் 2004-இல் பத்துப் படிகளாக விரித்தார். ஆனால் அது நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவுக்கான அறிவுரையாகவே பெரும்பாலும் படிக்கப்படுகிறது. மென்பொருள் வடிவமைப்பின் தேவைப் பட்டியலில், வேகம், பாதுகாப்பு ஆகியவற்றுக்குச் சமமான இடத்தில் அது வர வேண்டும்.

ஒரு பருவத்துக்கான திட்டப்பணியை இப்படி அமைக்கலாம். முதல் பாதியில் ஒவ்வொரு குழுவும் ஒரு சிறு கல்லா மென்பொருளை உருவாக்கட்டும். இரண்டாம் பாதியில் அது வேறு குழுவின் கைக்குப் போகட்டும். கூடவே ஒரு புகார்: மாலைக் கணக்கில் 2,400 ரூபாய் குறைகிறது, காசாளர் எடுத்தாரா, மென்பொருள் தின்றதா? பதிவேடுகளை மட்டும் வைத்துப் பெறுநர் குழு விடை சொல்ல வேண்டும். பதிவேடுகளால் விடை சொல்ல முடியாவிட்டால் மதிப்பெண் குறைவது உருவாக்கிய குழுவுக்கு. இந்த விதியைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டால் மாணவர்கள் தாமாகவே கேட்கத் தொடங்குவார்கள்: விசையை இருமுறை அழுத்தினால் ஒரே பரிவர்த்தனை எண் இரண்டாம் முறை மறுக்கப்படுகிறதா? பராமரிப்பாளர் தரவைத் தொட்டால் அது காசாளர் பெயரில் விழுகிறதா, தனிப்பெயரில் விழுகிறதா? எந்தக் கடிகாரத்தின் நேரம் பதிவாகிறது? அந்த வரியை எழுதியது நிரலின் எந்தப் பதிப்பு? எழுதியதைத் திருத்த முடியுமா, சேர்க்க மட்டும் முடியுமா?

அடுத்ததாக, பிழைப் பதிவேட்டை மதிப்பீட்டுக்கு உரிய ஆவணமாக்க வேண்டும். இப்போதைய வழக்கத்தில் பிழையில்லாமல் ஓடும் செயல்விளக்கத்துக்கே மதிப்பெண். தெரிந்த பிழையை மறைத்துக் காட்டும் திறமையை அது வளர்க்கிறது. தனக்குத் தெரிந்த பிழைகளைத் தேதியோடும் பாதிப்பு எல்லையோடும் எழுதித் தரும் குழுவுக்குக் கூடுதல் மதிப்பெண் தந்தால் பழக்கம் திசைமாறும். 2020-இல் பிரிட்டனின் வழக்கறிஞர்களும் கணினி அறிஞர்களும் நீதித்துறை அமைச்சகத்துக்குத் தந்த பரிந்துரையும் இதையொட்டியதே. எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் நிரூபிக்கச் சொல்ல வேண்டாம். முதல் கட்டமாகத் தெரிந்த பிழைகளின் பதிவேடு போன்ற அடிப்படை ஆவணங்களைக் கொடுங்கள், ஐயம் எழுந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்றார்கள். ஒழுங்காக வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அவற்றைத் தருவது சுமை அல்ல. 2025 ஜனவரியில் அந்த அமைச்சகம், கணினி பற்றிய அனுமானத்தை மாற்றுவது குறித்துப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது.

கடைசியாக வைவா. ஆய்வகத் தேர்வில் கேட்கும் வழக்கமான கேள்விகளுக்குப் பதில், மாணவரைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தி அவருடைய அறிக்கையின் எல்லைகளைக் கேட்க வேண்டும். இந்தத் தரவு மாறவில்லை என்கிறீர்கள், சரியானது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? நீங்கள் பார்த்த பதிவுகளில் மென்பொருளின் பிழையும் மனிதரின் திருட்டும் ஒரே தோற்றத்தில் வருமா? வருமென்றால் இரண்டையும் பிரிக்க வேறு என்ன ஆவணம் கேட்டீர்கள், கிடைத்ததா? தெரியாது என்று தயக்கமின்றிச் சொல்லும் மாணவர் தேற வேண்டும். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதியவர் தோற்க வேண்டும்.

இந்தக் கேள்விகள் எவையும் உயர்ந்த கணிதம் கேட்பவை அல்ல. கில்ட்ஃபர்ட் நீதிமன்றத்தில் இவற்றில் இரண்டுக்கு ஒளிவுமறைவற்ற விடை கிடைத்திருந்தாலே அந்த வழக்கு வேறு மாதிரி முடிந்திருக்கும். மென்பொருளை உருவாக்குபவரும் அதை ஆராய்பவரும் ஒரே வகுப்பில் ஒரு பருவமாவது உட்கார வேண்டும் என்று கேட்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. இந்தியாவில் வல்லுநரின் கையெழுத்தைச் சட்டம் கட்டாயமாக்கிவிட்டது. அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் அறிவு இருப்பதைப் பல்கலைக்கழகங்கள்தான் உறுதிசெய்ய வேண்டும்.